கல்லாவில் 270 ரூபாய் குறைந்தால் யார் பொறுப்பு? ஓட்டல் கணக்கு உதைக்கும் இடங்களும் சரிசெய்யும் வழிகளும்

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலையில், ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே இருக்கிறது புதுச்சத்திரம். ஊர்ப் பெயரிலேயே சாப்பாடு இருக்கிறது. சத்திரம் என்றால் வழிப்போக்கர்கள் தங்கி, பசியாறிப் போன இடம். அன்னசத்திரத்தில் பில் போடும் வேலை இல்லை, கல்லாப்பெட்டியும் இல்லை. இன்றைக்கு இதே சாலையோரத்தில் டீக்கடை, மெஸ், பரோட்டாக் கடை, பிரியாணிக் கடை என எதை எடுத்தாலும் கல்லா இருக்கிறது. ராத்திரி கடை சாத்தும்போது பிரச்சினை ஆரம்பிப்பதும் அங்கேதான்.

பில் மெஷின் கணக்குப்படி 12,480 ரூபாய் இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் 12,210. மறுபடி எண்ணினாலும் அதே 12,210. மீதி 270 ரூபாய் எங்கே?

பல கடைகளில் இதற்கு ஒரே பதில்தான். "சரி விடு, உன் சம்பளத்துல பிடிச்சுக்கறேன்." அதோடு கணக்கு முடிந்தது, கடை சாத்தியாச்சு. கேஷியர் தம்பிக்கு அன்றைய கூலியில் பாதி போச்சு.

இது சீக்கிரம் முடிகிற வழி. ஆனால் பணம் எங்கே போனது என்று கடைசி வரை தெரியாமலே போகிற வழியும் இதுதான். கல்லா குறைந்தால் முதலில் தேட வேண்டியது தவறு நடந்த இடத்தை. ஆளைத் தேடுவது அதற்குப் பிறகுதான். ஏன் என்று பார்க்கலாம்.

முதலில் கணக்கு: கல்லாவில் எவ்வளவு இருக்க வேண்டும்?

'இன்னிக்கு வசூல் இவ்வளவு, அப்ப கல்லாவுல இவ்வளவு இருக்கணும்' என்று மனக்கணக்குப் போடுவதிலேயே பாதித் தவறு நடக்கிறது. சரியான கணக்கு இது:

காலையில் வைத்த சில்லறை + அன்றைய ரொக்க விற்பனை − கல்லாவிலிருந்து வெளியே போன பணம் = இருக்க வேண்டிய ரொக்கம்

ஓர் உதாரணம். காலையில் சில்லறைக்காக 2,000 ரூபாய் வைத்தார்கள். மொத்த விற்பனை 38,640. அதில் யுபிஐ-யில் வந்ததாக நோட்டில் எழுதியது 24,150. அப்படியென்றால் ரொக்க விற்பனை 14,490. பால்காரருக்கு 1,260, காய்கறிக்கு 2,350, வாழை இலைக்கு 400 என 4,010 ரூபாய் கல்லாவிலிருந்து போனது. 2,000 + 14,490 − 4,010 = 12,480.

எண்ணியதோ 12,210. குறைவு 270.

இதில் நான்கு எண்கள் இருப்பதைக் கவனியுங்கள்: காலைச் சில்லறை, மொத்த விற்பனை, யுபிஐ, செலவு. இவற்றில் எது தப்பானாலும் ராத்திரியில் கல்லாதான் குறைவாகத் தெரியும். அதாவது, ஒரு ரூபாய்கூட யாரும் எடுக்காமலேயே கல்லா 'குறையலாம்'.

270 எங்கே போனது? ஒன்பதால் வகுத்துப் பாருங்கள்

பழைய கணக்குப்பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒரு வித்தை இது. வித்தியாசத் தொகை ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால், இரண்டு இலக்கங்கள் இடம் மாறி எழுதப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். 45-ஐ 54 என்று எழுதினால் வித்தியாசம் 9. 410-ஐ 140 என்று எழுதினால் வித்தியாசம் 270. எந்த எண்ணில் எந்த இரண்டு இலக்கத்தை இடம் மாற்றினாலும் வித்தியாசம் ஒன்பதின் மடங்காகத்தான் வரும்.

270 ஒன்பதால் வகுபடுகிறது. அப்படியென்றால் முதல் வேலை, யுபிஐ ஆப்பைத் திறந்து அன்றைய மொத்த வரவைப் பார்ப்பது. அங்கே 24,420 என்று இருக்கிறது. நோட்டில் 24,150. வரிசையாக ஒப்பிட்டால், மதியம் பஸ் வந்து நின்ற நேரத்தில் 410 ரூபாய்க்கு வந்த ஒரு பேமென்ட், நோட்டில் 140 என்று எழுதப்பட்டிருக்கிறது. பணம் கல்லாவுக்கு வரவே இல்லை, வங்கிக் கணக்குக்குப் போயிருக்கிறது. காசு பத்திரமாகவே இருக்கிறது. கேஷியர் சம்பளத்தில் பிடித்திருந்தால் முதலாளிக்கு அதே 270 ரூபாய் இரண்டு முறை கிடைத்திருக்கும்.

இதேபோல இன்னும் சில சின்ன சோதனைகள் இருக்கின்றன:

- வித்தியாசத்தைப் பாதியாக்கிப் பாருங்கள். செலவை வரவில் எழுதிவிட்டால் வித்தியாசம் இரட்டிப்பாகும். கேஸ் சிலிண்டர் ஆளுக்கோ மளிகைக்கோ கொடுத்த 640 ரூபாயை வரவுப் பக்கம் போட்டால், கல்லாவில் 1,280 குறையும். 1,280-ல் பாதி 640. அந்தத் தொகையில் ஏதாவது செலவு இருக்கிறதா என்று தேடினால் பிடிபட்டுவிடும்.
- வித்தியாசம் அப்படியே ஒரு பில் தொகையா என்று பாருங்கள். யுபிஐ-யில் கட்டியதை 'கேஷ்' பட்டனில் அழுத்தியிருந்தால் ரொக்கம் குறையும், யுபிஐ அதே அளவுக்குக் கூடும். இரண்டையும் சேர்த்தால் சரியாக இருக்கும்.
- குறைவு சரியாக 100, 300, 400 என முழு எண்ணாக இருக்கிறதா? அப்படியானால் பில்லை விட நோட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும். 500 என்று நினைத்து 200-க்கு மீதி கொடுத்தால் குறைவது 300.

இதையெல்லாம் செய்யப் பத்து நிமிடம் போதும். சம்பளத்தில் பிடிக்கிறேன் என்று சொல்ல அரை நிமிடம் போதும். பெரும்பாலானோர் இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் அந்த ஒன்பதரை நிமிடச் சோம்பல்தான்.

தவறு நுழையும் வாசல்கள் எவை?

நெடுஞ்சாலை ஓட்டலுக்கு என்று தனிச் சிக்கல்கள் உண்டு. வாடிக்கையாளர் ஒவ்வொருவராக வருவதில்லை. ஒரு பஸ் நின்றால் நாற்பது பேர் ஒரே நேரத்தில் இறங்குகிறார்கள். இருபது நிமிடத்தில் சாப்பிட்டு, கை கழுவி, பணம் கட்டிப் போயாக வேண்டும். டிரைவர் ஹாரன் அடிக்க ஆரம்பித்தால் கல்லா முன்னால் பத்துக் கைகள் நீளும். இந்தப் பக்கம் கல்லூரி மாணவர்கள், அந்தப் பக்கம் லாரிக்காரர்கள். ஒருத்தர் பார்சல் கேட்பார், ஒருத்தர் தண்ணி பாட்டில் எடுத்துக் காட்டுவார், இன்னொருத்தர் போனை நீட்டுவார்.

*வாய்வழி பில்.* சப்ளையர் தூரத்திலிருந்து "நாலு பரோட்டா, ஒரு ஆஃப்பாயில், ரெண்டு டீ" என்று குரல் கொடுப்பார். சத்தத்தில் ஆஃப்பாயில் விழாது. முட்டைக்குப் பேர்போன நாமக்கல் மாவட்டத்திலேயே ஒரு நாளைக்குப் பத்து முட்டை பில்லில் ஏறாமல் போனால் யாருக்கும் தெரியாது. இதில் கவனிக்க வேண்டியது, இந்த வகைத் தவறு கல்லாக் கணக்கில் குறைவாகவே வராது. பில் போடவில்லை என்பதால் மெஷினும் கேட்காது. நஷ்டம் மட்டும் நடக்கும்.

*மீதிச் சில்லறை.* இப்போது புழக்கத்தில் இருக்கிற 200 ரூபாய் நோட்டு நல்ல மஞ்சள். 20 ரூபாய் நோட்டு பச்சை கலந்த மஞ்சள். இரவு விளக்கு வெளிச்சத்தில், கசங்கிப்போன நோட்டாக இருந்தால், அவசரத்தில் ஒன்று மற்றொன்றாகிவிடும். அளவு வேறுதான், ஆனால் இரண்டாக மடித்து நீட்டினால் அளவு யார் கண்ணுக்குத் தெரியும்?

*பைசாக் கணக்கு.* 345 ரூபாய் பில்லுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 362 ரூபாய் 25 பைசா. யுபிஐ-யில் 25 பைசாவோடு கட்டலாம். ரொக்கத்தில் யார் கட்டுவார்கள்? கேஷியர் 362 வாங்குகிறார். மெஷின் 362.25 என்று வைத்துக்கொள்கிறது. இப்படி 200 ரொக்க பில் போட்டால் 50 ரூபாய் காணாமல் போகும். மெஷினில் 'ரவுண்ட் ஆஃப்' வசதியைப் போட்டுவிட்டால் தீர்ந்தது. அதைப் போடாமல் விட்டது கேஷியர் தவறா?

*சில்லறைத் தட்டுப்பாடு.* "மூணு ரூபா இல்லீங்க, மிட்டாய் எடுத்துக்கங்க" என்பது ஒருபக்கம். "ரெண்டு ரூபா அப்புறம் வாங்கிக்கறேன்" என்று விடுவது மறுபக்கம். இரண்டுமே கணக்கை உதைக்க வைக்கும். பத்து ரூபாய் நாணயத்தை வாங்க மறுக்கும் பழக்கம் தமிழ்நாட்டில் பல ஊர்களில் இன்னும் இருக்கிறது. 14 வடிவங்களில் வந்த பத்து ரூபாய் நாணயங்கள் அனைத்தும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. அதை வாங்கி வைக்கிற கடைக்குச் சில்லறைப் பிரச்சினை பாதி குறையும்.

*யுபிஐ.* வாடிக்கையாளர் 400-க்குப் பதில் 40 என்று அடித்துவிடுவார். சவுண்ட் பாக்ஸ் "நாற்பது ரூபாய்" என்று சொல்லும். கூட்டச் சத்தத்தில் 'நா' மட்டும் கேட்கும். அல்லது பழைய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிவிட்டு ஒருவர் கிளம்பிவிடுவார். போனில் 'பிராசஸிங்' என்று சுற்றிக்கொண்டே இருப்பதும் உண்டு. தொகையோடு சேர்ந்து வரும் க்யூஆர் கோடைப் பயன்படுத்தினால் முதல் தவறு வராது. ஆப்பிலோ சவுண்ட் பாக்ஸிலோ உறுதியான பிறகே அடுத்த ஆள் என்று வைத்துக்கொண்டால் இரண்டாவது வராது.

*முதலாளி கை.* இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. முதலாளி மகன் வந்து பெட்ரோலுக்கு 200 எடுத்துட்டுப் போவார். மச்சான் வந்து சீட்டுக்குக் கட்ட 1,000 எடுப்பார். முதலாளியே கோயில் வசூல்காரர்களுக்கு 101 கொடுப்பார். "நான் எடுத்தா எழுதணுமா, என் கடைதானே?" என்ற எண்ணம். கடை அவருடையதுதான். ஆனால் ராத்திரிக் கணக்கில் பதில் சொல்வது கேஷியர். தன் கல்லாவில் யார் கைவைத்தாலும் கேட்க முடியாத ஒருவரிடம், கல்லாவுக்கு முழுப் பொறுப்பையும் கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

பிடித்தம் போட்டால் திருந்திவிடுவார்களா?

"பயம் இருந்தாத்தான் கவனமா இருப்பாங்க" என்பது முதலாளிகள் பலர் சொல்லும் வாதம். நடைமுறையில் நடப்பது வேறு.

கல்லா எல்லா நாளும் குறைவதில்லை. சில நாள் கூடவும் செய்யும். 40 ரூபாய் கூடுதல், 110 ரூபாய் கூடுதல் என வரும். குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பு, கூடினால் முதலாளிக்கு என்று ஒரு கடையில் வழக்கம் இருந்தால், கேஷியர் என்ன செய்வார்? கூடும் நாளில் அந்தப் பணத்தைச் சொல்ல மாட்டார். தனியாக ஒரு டப்பாவிலோ, பில் புத்தகத்துக்கு அடியிலோ வைப்பார். குறையும் நாளில் அதை எடுத்துப் போட்டுச் சரிக்கட்டுவார். இது திருட்டு எண்ணத்தில் செய்வதில்லை, பிழைப்புக்காகச் செய்வது.

விளைவு, நோட்டில் தினமும் 'சரி, சரி, சரி' என்று இருக்கும். முதலாளிக்குச் சந்தோஷம். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மெஷினில் ரவுண்ட் ஆஃப் இல்லை, மதிய நேரத்தில் பில் விடுபடுகிறது, ஒரு சப்ளையர் விலையை மாற்றிச் சொல்கிறார் என எதுவும் வெளியே வராது. ஒரு நாள் யாராவது உண்மையிலேயே கைவைத்தாலும், அந்த டப்பா அதையும் மறைத்துவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. கல்லாவில் 110 ரூபாய் கூடியிருக்கிறது என்றால், பெரும்பாலும் எங்கோ ஒரு வாடிக்கையாளருக்கு 110 ரூபாய் குறைவாகப் போயிருக்கிறது என்றே அர்த்தம். கூடுதலைக் கொண்டாடும் கடை, தெரியாமலே வாடிக்கையாளரை ஏமாற்றிக்கொண்டிருக்கிறது. குறைவு எந்த அளவுக்குத் தவறோ, கூடுதலும் அதே அளவுக்குத் தவறு. இரண்டையும் ஒரே கண்ணால் பார்க்கிற கடையில்தான் உண்மைக் கணக்கு வரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

கல்லா குறைந்தால் சம்பளத்தில் பிடிக்கவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் இஷ்டத்துக்குப் பிடிக்கலாம் என்றும் சொல்லவில்லை.

1936-ம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டத்திலேயே இதற்கு விதி இருந்தது. அதற்குப் பதிலாக வந்த 2019-ம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. பழைய சட்டம் குறிப்பிட்ட சம்பள வரம்புக்கு உட்பட்டவர்களுக்கு மட்டுமே பொருந்தியது. கடைசியாக அந்த வரம்பு மாதம் 24,000 ரூபாய். புதிய தொகுப்பில் அப்படி வரம்பு இல்லை. இதன்படி:

- ஊழியர் கணக்குக் காட்ட வேண்டிய பணத்தில் ஏற்பட்ட இழப்பு, நேரடியாக அவருடைய அலட்சியத்தாலோ தவறாலோ நடந்திருந்தால் மட்டுமே பிடிக்கலாம்.
- உண்மையான இழப்பை விட ஒரு ரூபாய்கூட அதிகமாகப் பிடிக்கக் கூடாது. '270 குறைஞ்சுது, 500 பிடிச்சாத்தான் புத்தி வரும்' என்பது செல்லாது.
- பிடிப்பதற்கு முன் ஊழியருக்கு விளக்கம் சொல்ல வாய்ப்பு தர வேண்டும்.
- எல்லாப் பிடித்தமும் சேர்ந்து ஒரு மாதச் சம்பளத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.
- பிடித்ததைப் பதிவேட்டில் எழுத வேண்டும்.

'நேரடியாக' என்ற சொல்தான் இதில் முக்கியம். மூன்று பேர் கைவைக்கும் கல்லாவில், காலையில் எண்ணிக் கொடுக்காத சில்லறையில், ரவுண்ட் ஆஃப் இல்லாத மெஷினில் ஏற்பட்ட குறைவு ஒரே ஒருவரின் நேரடித் தவறு என்று எப்படி நிரூபிப்பது? முடியாது. ஊருக்கு ஊர் ராத்திரியில் நடக்கும் பிடித்தங்களில் எத்தனை இந்த வரையறைக்குள் வரும் என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

மெஷின் சொன்னா தப்பா இருக்குமா?

கல்லா மெஷின் பிறந்ததே சந்தேகத்தில்தான். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலம் டேட்டன் நகரில் மதுக்கடை நடத்திய ஜேம்ஸ் ரிட்டி, தன் ஊழியர்கள் பணத்தை எடுக்கிறார்கள் என்று நம்பினார். கப்பல் பயணம் ஒன்றில், இயந்திரத்தின் சுழற்சிகளை எண்ணும் கருவியைப் பார்த்து யோசனை வந்தது. 1879-ல் பிறந்தது முதல் கேஷ் ரெஜிஸ்டர். அதற்கு அவர் வைத்த பெயரின் பொருள் 'லஞ்சம் வாங்காத கேஷியர்'. அந்தத் தொழிலை 1884-ல் வாங்கிய ஜான் பேட்டர்சன்தான் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனத்தை உருவாக்கினார். பெட்டி திறந்தால் மணி அடிக்கும், காகிதச் சுருளில் தொகை பதியும். மனிதன் பொய் சொல்லலாம், மெஷின் சொல்லாது என்ற நம்பிக்கை அங்கிருந்து வளர்ந்ததுதான்.

அந்த நம்பிக்கை எந்த எல்லை வரை போகும் என்பதற்கு பிரிட்டன் தபால் துறை சாட்சி. 1999-ல் அங்கே கிளை அஞ்சலகங்களுக்கு 'ஹொரைசன்' என்ற கணினி மென்பொருள் வந்தது. கல்லாவில் இவ்வளவு இருக்க வேண்டும் என்று அது காட்டும். எண்ணினால் குறையும். பிழை மென்பொருளில் இருந்தது. ஆனால் கிளையை நடத்தியவர்கள்தான் சொந்தக் காசைப் போட்டு ஈடுகட்ட வேண்டியிருந்தது. முடியாதவர்கள் மீது திருட்டு, பொய்க்கணக்கு வழக்குகள் பாய்ந்தன. 1999 முதல் 2015 வரை 900-க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டார்கள். இந்திய வம்சாவளியினரும் அதில் பலர். சர்ரே பகுதியில் அஞ்சலகம் நடத்திய சீமா மிஸ்ரா, 74,000 பவுண்டு திருடியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, 2010-ல் கர்ப்பிணியாக இருந்தபோது சிறைக்கு அனுப்பப்பட்டார்.

2019 டிசம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் மென்பொருளில் பிழைகள் இருந்ததை உறுதிசெய்தது. 2021 ஏப்ரலில் மிஸ்ரா உள்ளிட்ட 39 பேரின் தண்டனைகள் ரத்தாயின. 2024 மே மாதம் நாடாளுமன்றம் தனிச் சட்டமே கொண்டுவந்து மற்றவர்களின் தண்டனைகளையும் நீக்கியது.

பிரிட்டன் அஞ்சலகத்துக்கும் புதுச்சத்திரம் பரோட்டாக் கடைக்கும் என்ன சம்பந்தம்? அளவுதான் வேறு, தர்க்கம் ஒன்றே. 'மெஷின் 12,480 காட்டுது, நீ 12,210 வெச்சிருக்க, அப்ப நீதான் பொறுப்பு.' மெஷின் காட்டும் எண், மனிதர்கள் உள்ளே போட்ட எண்களின் கூட்டுத்தொகை மட்டுமே. அது சாட்சியாக இருக்கலாம், நீதிபதியாக இருக்கக் கூடாது.

"ஐநூறு குடுத்தனுங்க" என்று ஒருவர் நின்றால்?

கல்லாவில் உட்காருபவருக்கு மிகவும் கஷ்டமான நேரம் இதுதான். வாடிக்கையாளர் 500 கொடுத்ததாகச் சொல்கிறார். கேஷியர் 200-தான் வாங்கியதாக நினைக்கிறார். பின்னால் கூட்டம். என்ன செய்வது?

முதலில், இது வராமல் பார்த்துக்கொள்ளும் வழி. நோட்டை வாங்கியதும் "ஐநூறு குடுத்திருக்கீங்க" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மீதி கொடுத்து முடிக்கும்வரை அந்த நோட்டைப் பெட்டிக்குள் போடாமல் மேலேயே வைத்திருங்கள். மீதியைக் கழித்துக் கொடுக்காமல் கூட்டிக் கொடுங்கள். பில் 345, கொடுத்தது 500 என்றால் "அஞ்சு, 350... அம்பது, 400... நூறு, 500" என்று எண்ணி வையுங்கள். பழைய மளிகைக் கடைக்காரர்கள் இப்படித்தான் எண்ணுவார்கள். தவறு நடந்தால் இருவருக்குமே அங்கேயே தெரியும்.

பாதிச் சில்லறை கொடுத்த பிறகு "இருங்க, நூறு சில்லறையா இருக்கு, அந்த ஐநூறைத் திருப்பிக் குடுங்க" என்று கைமாற்றிக் குழப்புபவர்களும் உண்டு. அதற்கு ஒரே மருந்து, ஆரம்பித்த கணக்கை முடித்துவிட்டுத்தான் அடுத்தது. "ஒரு நிமிஷம்ணா, இதை முடிச்சுடறேன்" என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொள்பவர் மீது ஒரு கண் இருக்கட்டும்.

இதையும் மீறித் தகராறு வந்தால், சத்தம் போட வேண்டாம். சிசிடிவி இருந்தால் பார்க்கலாம். இல்லாவிட்டால், "அண்ணா, உங்க நம்பர் குடுங்க. ராத்திரி கணக்கு முடிக்கறப்ப முந்நூறு கூட இருந்தா ஜிபே பண்ணிடறோம்" என்று சொல்லலாம். சொன்னபடி செய்யவும் வேண்டும். அந்த ஒரு பேமென்ட், அவரை அடுத்த முறை அதே கடையில் பஸ்ஸை நிறுத்தச் சொல்ல வைக்கும்.

யுபிஐ-யில் பணம் போய், கடைக்கு வராமல் நின்றால்? கடைக்கு உறுதிச் செய்தி வராத பணம், வாடிக்கையாளர் கணக்குக்கு ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் வங்கித் தரப்பு இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கை சொல்கிறது. இது தெரிந்தால், "ரெண்டு தடவை கட்டச் சொல்றீங்களா?" என்ற சண்டையை நிதானமாகத் தீர்க்கலாம்.

கடைக்காரர்கள் நாளையிலிருந்தே செய்யக்கூடியவை

1. எண்ணிக் கொடுங்கள், எண்ணி வாங்குங்கள். காலைச் சில்லறையை இருவர் சேர்ந்து எண்ணி எழுதுங்கள். ஷிப்ட் மாறும்போதும் அப்படியே. எண்ணாமல் கொடுத்த கல்லாவுக்குக் கணக்குக் கேட்க முடியாது.
2. ஒரு நேரத்தில் ஒரு கல்லாவுக்கு ஒரே கை. கேஷியர் சாப்பிடப் போனால் பூட்டிவிட்டுப் போகட்டும், அல்லது மாற்று ஆளுக்குத் தனிப் பெட்டி.
3. யார் எடுத்தாலும் சீட்டு. முதலாளி எடுத்தாலும்தான். தேதி, தொகை, காரணம், கையெழுத்து. நான்கே விஷயம், துண்டுத் தாளில் எழுதிப் பெட்டிக்குள் போட்டால் போதும்.
4. பெரிய நோட்டுகளை அவ்வப்போது வெளியே எடுங்கள். குறிப்பிட்ட தொகை சேர்ந்ததும் எழுதிவைத்து லாக்கருக்கு மாற்றினால், தவறினாலும் சிறிதாகத்தான் தவறும்.
5. தப்பான பில்லை அடிக்காதீர்கள், ரத்து செய்யுங்கள். காரணத்தை எழுதி, பழைய பில்லைப் பத்திரப்படுத்திவிட்டுப் புது பில் போடுங்கள்.
6. கூடுதல்-குறைவு நோட்டு ஒன்று வையுங்கள். தினமும் ஒரு வரி போதும். 'திங்கள், −30. செவ்வாய், +15. புதன், −270, யுபிஐ நோட்டில் தப்பு.'
7. சின்ன வித்தியாசத்துக்கு ஒரு வரம்பு. இந்த அளவு வரை யாரையும் கேட்க மாட்டோம், எழுதினால் மட்டும் போதும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வரம்பு எவ்வளவு என்பதைக் கடையின் விற்பனையைப் பொறுத்து முதலாளியே முடிவு செய்யலாம்.

அப்படின்னா திருட்டே நடக்காதா?

நடக்கும். கல்லாவில் கைவைப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அதைக் கண்டுபிடிப்பதற்கும் இதே நோட்டுதான் உதவும்.

நேர்மையான தவறுக்கு ஓர் இயல்பு உண்டு. அது இரண்டு பக்கமும் ஆடும். ஒரு நாள் 30 குறையும், ஒரு நாள் 20 கூடும். மாதக் கடைசியில் கூட்டினால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வரும். தொகையும் ஒழுங்கில்லாமல் இருக்கும். திருட்டு அப்படி ஆடாது. ஒரே பக்கம்தான் போகும். பெரும்பாலும் முழு நோட்டாகப் போகும். ஒருவர் ஷிப்டில் மட்டும், அல்லது கடை சாத்தும் நேரத்தில் ரத்தாகும் பில்களோடு சேர்ந்து வரும். இரண்டு மாத நோட்டைப் புரட்டினால் இந்த வித்தியாசம் கண்ணில் படும்.

பிடித்தம் போடும் கடையில் இந்த நோட்டு இருக்காது. இருந்தாலும் அதில் உண்மை இருக்காது. அதாவது, பிடித்தத்தால் தண்டனை பெறுவது நேர்மையானவர். டப்பாவுக்குள் மறைந்து தப்பிப்பது மற்றவர். முதலாளியின் பணத்தைக் காப்பாற்றுவதற்காகவே வந்த பழக்கம், அவருடைய பணத்துக்கே எதிராக வேலை செய்கிறது.

"இன்னிக்கு 270 குறையுதுங்க, எங்கேன்னு தெரியல" என்று பயமில்லாமல் சொல்ல முடிகிற கேஷியர், எந்த சிசிடிவியை விடவும் ஒரு கடைக்குப் பாதுகாப்பு. அப்படி ஒருவர் வேண்டுமென்றால், அந்த வாக்கியத்தைக் கேட்டதும் "சரி வா, யுபிஐ-யை எடு, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லும் முதலாளியும் வேண்டும்.